பேய்த் தீவில் தண்ணீர் ஏறிய மத்தியானம்

என் இடுப்பில் நான்கு வயது மகன் கதிர். முழங்காலுக்கு மேலே கடல். எதிரே, எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துப் பள்ளித் திடலின் நீளத்துக்குப் பச்சையாக விரிந்து கிடக்கிற தண்ணீர். அதற்கு அப்பால் ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவின் மணலில் என் கணவர் செந்திலும் ஏழு வயது மகள் யாழினியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்பு அங்கே இவ்வளவு தண்ணீர் இல்லை. கணுக்கால் மட்டும் நனைய இருவரும் கைகோத்து நடந்து போனதை நான் பாயில் உட்கார்ந்தபடி பார்த்தேன். யாழினி திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போனாள். இப்போது அவர்கள் நடந்த வழி இருந்த இடமே தெரியவில்லை.

"அம்மா, அப்பா வருவாங்களா?" என்று கதிர் கேட்டான்.

"வருவாங்கடா" என்றேன்.

உண்மையில், அவர் வந்துவிடுவாரோ என்பதுதான் என் பயமே. செந்திலுக்கு நீச்சல் தெரியாது.

கப்பல் பட்டறைக்காரர்

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. சிங்கப்பூரின் மேற்கு ஓரம், துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் அவர் பொறியாளர். காலையிலிருந்து மாலை வரை கடலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர். அவர் கைபடாமல் போன கப்பல்கள் குறைவு என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் இடுப்பளவு நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டால் ஓரத்துக் கம்பியைப் பிடித்த கையை எடுக்க மாட்டார்.

"எங்க ஊர்ல தண்ணி லாரியில வரும். அதுல எங்க போய் நீந்துறது?" என்பார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கல்யாணம் பேச வந்தபோதே இந்த விஷயத்தைச் சிரிப்பாகச் சொல்லி என் அப்பாவையும் சிரிக்க வைத்துவிட்டார்.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தொடக்கப்பள்ளியில் விசிலடித்துக் குளத்தில் தள்ளிக் கற்றுக்கொடுத்ததில் எனக்கு நீச்சல் தெரியும். தெரியுமே தவிர, பிடிக்காது. பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகம் ஒன்றில் மருந்து கொடுக்கும் முகப்பில் எனக்கு வேலை. மயக்கம் வரலாம், வயிற்றைப் பிரட்டலாம், மூச்சுத் திணறினால் உடனே வரவும் என்று நாள் முழுக்க மற்றவர்களை எச்சரித்து எச்சரித்து, வீட்டுக்கு வந்தால் தோசைக்கல்லைப் பார்த்தால்கூட எனக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டத் தோன்றும்.

மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டதைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தோழி ஒருத்தி, "உனக்கு மட்டும் ஏண்டி இப்படியே நடக்குது?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் நடப்பதில்லை. எல்லோருக்கும்தான் நடக்கிறது. நான் மறப்பதில்லை, அவ்வளவுதான்.

தீவிலிருந்து தீவுக்கு

அது ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. யாழினியின் வகுப்பில் ஒருத்தி பாலிக்குப் போகிறாள், இன்னொருத்தி புக்கெட்டுக்குப் போகிறாள், பக்கத்து வீட்டுப் பையன் ஆஸ்திரேலியா போகிறான். "நம்ம எங்க போறோம்?" என்று அவள் தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். செந்திலுக்குக் கிடைத்தது மூன்று நாள் லீவு.

"சிங்கப்பூரே ஒரு தீவுதான். இங்கேர்ந்து இன்னொரு தீவுக்குப் போனா போச்சு" என்று அவர் முடிவு செய்தார். இரண்டு நாள் பக்கத்திலிருக்கும் செந்தோசா தீவில் தங்குவது. மூன்றாம் நாள் படகு எடுத்துக்கொண்டு தெற்கே புலாவ் ஹந்து. மலாய் மொழியில் ஹந்து என்றால் பேய். "பேய்த் தீவுக்குப் போறோம்!" என்று அவர் அறிவித்ததும் யாழினி கைதட்டினாள். கதிர் என் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதான். அவன் என் பிள்ளை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போனோம். ஞாயிறு என்றால் அங்கே கேட்க வேண்டாம். நடைபாதையில் நகர்ந்துகொண்டே போகலாம், நிற்க முடியாது. நான் கதிரின் கையைப் பிடித்துக்கொண்டு, யாழினியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, கடை கடையாக ஏறி இறங்கினேன். பிளாஸ்டிக் பாய், பெரிய குடை, ஆளுக்கொரு தொப்பி, கொசு மருந்து, காயத்துக்குப் போடும் மருந்து, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொட்டலம். கடைசியாக மிதவைச் சட்டை எங்கே கிடைக்கும் என்று ஒரு கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"தீவுக்குப் போறமா, போருக்குப் போறமா?" என்றார் செந்தில். "அதெல்லாம் படகுலயே இருக்கும், வசந்தி."

"இருக்குமான்னு கேட்டீங்களா?"

"இருக்கும்."

"கேட்டீங்களா?"

அவர் நின்றார். பூக்கடை வாசல். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "இங்க பாரு. நீ பயப்படு, அது உன் இஷ்டம். பயந்து பயந்து பிள்ளைங்களையும் பயந்தாங்கொள்ளி ஆக்கிடாதே. இவனைப் பாரு, பேருக்கே அழறான். அவளாவது தைரியமா இருக்கட்டும்."

கோபத்தில் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் வலித்தது. கட்டி வைத்திருந்த மல்லிகையை ஒரு முழம் வாங்கி என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அன்று மிதவைச் சட்டை வாங்கவில்லை. பேருந்தில் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குத் திரும்பும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது பொய் என்றால் சண்டை போட்டிருப்பேன்.

அம்மா போட்ட சட்டம்

செந்தோசாவில் இரண்டு நாளும் நன்றாகவே போயின. நன்றாகப் போவதே எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை படகுத்துறையில் படகோட்டி பாக்சிக் எங்களுக்காகக் காத்திருந்தார். மலாய்க்காரர்களில் வயதான ஆண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், மாமா என்கிற மாதிரி. சின்னப் படகு. செந்தில் சொன்னது போலவே ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டைகள் இருந்தன. மாட்டிக்கொண்டு போனோம். தீவில் இறங்கியதும் கழற்றிப் படகிலேயே போட்டுவிட்டோம். அவை படகோடு போய்விட்டன. படகு எங்களை ஏற்றிக்கொள்ள மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பி வரும்.

புலாவ் ஹந்து என்பது ஒன்றல்ல, இரண்டு. பெரிய தீவு ஒன்று, அதன் பக்கத்தில் சின்னது ஒன்று. கடல் வற்றும்போது நடுவில் நடந்து போகலாம். ஏறும்போது முடியாது. பெரிய தீவில் எங்களை இறக்கிவிட்டபோது பாக்சிக் விரலால் காட்டிச் சொன்னார்: "நவ் வாட்டர் கோயிங் டவுன். லேட்டர் கேன் வாக். பட் வாக் ஃபர்ஸ்ட், மக்கான் லேட்டர், யா." தண்ணீர் வற்றுகிறது, வற்றியதும் நடந்து போகலாம்; ஆனால் முதலில் நடை, அப்புறம் சாப்பாடு. நாங்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டினோம்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடச் சொல்லி ஒரு தமிழ்க் குடும்பத்திடம் சொன்னால் அது காதில் ஏறுமா?

என் சின்ன வயதில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போவோம். போனதும் அம்மா செய்யும் முதல் வேலை, மர நிழலில் பாயை விரித்து அடுக்குப் பாத்திரத்தைத் திறப்பது. புளிச்சோறு, அவித்த முட்டை, உருளைக்கிழங்குப் பொரியல். சாப்பிட்டு முடித்ததும் சட்டம் அமலுக்கு வரும். ஒரு மணி நேரத்துக்கு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. "வயிறு பிடிச்சுக்கும். கை கால் இழுத்துக்கும். அப்புறம் கப்பல்காரன்தான் தூக்கிட்டு வரணும்" என்பாள். நானும் தம்பியும் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களிலும் இதே சட்டம்தான். சீனப் பிள்ளைகள் வாயில் கோழியோடு கடலுக்குள் ஓடுவதைப் பார்த்து ஏங்குவோம்.

மருந்தகத்தில் ஒரு டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். இருந்தாலும் சட்டம் சட்டம்தான். அம்மாவிடமிருந்து நகை வந்ததோ இல்லையோ, இது வந்துவிட்டது.

அன்றைக்கும் அப்படியே நடந்தது. தண்ணீர் வற்றி நடுவில் மணல் தெரியத் தொடங்கியபோது யாழினி குதித்தாள். "அம்மா, இப்ப போலாம்! கேன் ஆர் நாட்?" என்றாள். செந்திலும் எழுந்து நின்றார். ஆனால் எலுமிச்சைச் சோற்றுப் பெட்டியை நான் அப்போதுதான் திறந்திருந்தேன். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. தீவு எங்கயும் போகாது" என்றேன். தீவு போகவில்லை.

சாப்பிட்டோம். அப்புறம் ஒரு மணி நேரம். செந்தில் என்னைப் பார்த்தார், நான் பிள்ளைகளைப் பார்த்தேன், எல்லோரும் பாயில் படுத்தோம். எதிர்க்கரையில் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள் தெரிந்தன. கதிர் தூங்கிவிட்டான். ஒரு மணி நேரம் முடிந்ததும் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். தூங்குகிற பிள்ளையை விட்டு நான் எப்படிப் போவது? "ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு, நனைந்துவிடும் என்று தன் கைப்பேசியை என் பையில் போட்டுவிட்டுப் போனார்.

கடல் திரும்பும்போது சத்தம் போடுவதில்லை. மணலின் நடுவே ஒரு கறுப்புப் பாறை இருந்தது. கதிருக்கு ஈ விரட்டிக்கொண்டே நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது பாதிப் பாறைதான் இருந்தது. நிழல் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி பார்த்தபோது பாறையே இல்லை.

எழுந்து கரைக்கு ஓடினேன். சின்னத் தீவில் யாரும் தெரியவில்லை. மரங்களுக்குப் பின்னால் போயிருப்பார்கள். பதற்றத்தில் செந்திலுக்கு ஃபோன் போட்டேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் கதிர் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

அடுத்து பாக்சிக்கைக் கூப்பிட்டேன். ஒருவழியாக எடுத்தார். நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து கத்தியதில் அவருக்கு என்ன புரிந்ததோ, விஷயம் புரிந்துவிட்டது. "ஓகே, ஓகே. ஐ கம் நவ். டெல் தெம் ஸ்டே. டோன்ட் வாக், ஆ. ஸ்டே தேர், ஐ டேக் ஃப்ரம் தேர்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. சின்னத் தீவு மூழ்காது. அங்கே மர நிழல் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், படகு சுற்றிப் போய் ஏற்றிக்கொள்ளும். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, செந்தில் தண்ணீரில் கால் வைக்காத வரைக்கும். இதை அவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

அங்கேயே இருங்க

அவர்கள் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது நான் கதிரைத் தூக்கிக்கொண்டு முழங்காலுக்கு மேலான தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இடம்.

"வராதீங்க! அங்கேயே இருங்க!"

காற்று என் பக்கமாக அடித்தது. என் குரல் என் முகத்திலேயே வந்து விழுந்தது. ஒரு கையால் கதிரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டினேன். செந்திலும் கையை ஆட்டினார், பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. யாழினியும் ஆட்டினாள். அப்படி ஒரு ஆத்திரம் வந்தது எனக்கு. அடுத்த நொடியே அழுகை வந்தது.

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். படகு வரும் நேரம் நெருங்குவது அவருக்கும் தெரியும். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு அப்படியே தெரிந்தது. நேரம் ஆக ஆக ஆழம் கூடும். போவதென்றால் இப்போதே போக வேண்டும். பொறியாளர் அல்லவா? கணக்கு சரியாகத்தான் போட்டிருப்பார்.

யாழினியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். அவள் இரண்டு கால்களையும் மார்போடு சேர்த்துப் பிடித்தார். நடக்கத் தொடங்கினார்.

முழங்கால். தொடை. இடுப்பு.

நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். கத்தினால் தடுமாறுவாரோ என்று பயம். எனக்கு நீச்சல் தெரியும், நான் போகலாம். ஆனால் கதிர்? கரையில் ஒரு ஆள் இல்லை. காலையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தீவின் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளையை மணலில் உட்கார வைத்து, "இங்கேயே இரு" என்று சொன்னால் இருப்பானா? நான் தண்ணீருக்குள் போவதைப் பார்த்தால் என் பின்னாலேயே வருவான். இரண்டு அடி வந்தால் போதுமே. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைக் கடலோரம் விட்டுப் போகச் சொன்னால் எந்தத் தாயால் முடியும்? நான் ஒரு அடி முன்னால் வைப்பேன். கதிர் கழுத்தை இறுக்குவான். ஒரு அடி பின்னால் வைப்பேன். இப்படியே தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

நடுவில் வந்தபோது தண்ணீர் அவர் மார்பில் இருந்தது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்திருக்க வேண்டும். அவர் நேராக வரவில்லை, சாய்ந்து சாய்ந்து வந்தார். பிறகு நின்றார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. அவர் முகம் எனக்குத் தெரிந்தது. பதினோரு வருடமாகப் பார்க்கிற முகம். அதில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த அடி எடுத்து வைத்தார். அங்கே மணல் இல்லை.

இரண்டு தலைகளும் போய்விட்டன.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கதிர் என் காதுக்குள் "அப்பா எங்க, அக்கா எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனை இறக்கிவிடத்தான் நினைத்தேன் என்பது நினைவிருக்கிறது. என் கைகள் அவனை விடவில்லை.

முதலில் யாழினியின் தலை வந்தது. மல்லாந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து மிதந்தாள். எங்கள் வட்டார நீச்சல் குளத்தில் வாரா வாரம் அவள் பழகுவது இது. அப்புறம் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி செந்திலின் கை ஒன்று வந்தது, பிறகு தலை, மறுபடி போனது, மறுபடி வந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே சின்னத் தீவின் பக்கமாகக் காலடித்து நீந்தினாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று மறுபடி சொன்னாள். அவர் தவழ்கிற மாதிரி தண்ணீரை அடித்துக்கொண்டு அவள் இருந்த பக்கம் போனார். எங்கோ காலில் மணல் தட்டுப்பட்டிருக்க வேண்டும். சட்டென்று தோள் வெளியே வந்தது. அப்புறம் மார்பு.

இருவரும் கிளம்பிய கரைக்கே திரும்பி, மணலில் விழுந்தார்கள். செந்தில் குப்புறப் படுத்து இருமினார். யாழினி பக்கத்தில் மண்டியிட்டு அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கரையோரம் வந்து அலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதிர் என் மடியில் அலையில் நனைந்துகொண்டு, "அம்மா, ட்ரவுசர் ஈரமாயிடுச்சு" என்றான்.

படகில்

பாக்சிக் முதலில் அவர்களை ஏற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். துண்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். நான்கு பேரும் மாட்டிக்கொண்டோம்.

படகு ஏறும் வரை நான் செந்திலிடம் கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். உங்களுக்கு அறிவில்லையா என்பதில் ஆரம்பித்து, வரிசையாக. எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அவர் தன் மிதவைச் சட்டையின் வாரை மறுபடி மறுபடி இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

யாழினி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாவைத் திட்டாதே. அப்பா ரொம்பப் பயந்துட்டாங்க."

"நீ பயப்படலையா?"

"எனக்குத்தான் மிதக்கத் தெரியுமே. அப்பாவுக்குத்தான் தெரியாது." சற்று யோசித்துவிட்டு, "'இந்தப் பக்கம் வாங்கப்பா, இந்தப் பக்கம் வாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். தண்ணிக்குள்ள கேக்குமான்னு தெரியல" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றார் செந்தில்.

நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மிதவைச் சட்டைகள் நடுவில் முட்டிக்கொண்டன. அவளை இறுக்கிப் பிடிக்கக்கூட முடியவில்லை. என் பிள்ளை பயந்தாங்கொள்ளி இல்லை என்று அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. சிராங்கூன் சாலையில் வாங்கிய பேச்சுக்கு இதுதான் பதில் என்றுகூட நினைத்தேன்.

இடுப்பு வரைக்கும்

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் செந்தில் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பெரியவங்களுக்கு நீச்சல் வகுப்பு இருக்காமே. சேர்ந்துட்டேன். பட்டறையில யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு முட்டை பொரித்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் குளத்துக்குப் போனோம். அவருடைய வகுப்பில் நடுவயதுக்காரர்கள் ஐந்தாறு பேர். இரண்டு சீனப் பெண்கள், தாடி வைத்த ஒருவர், மற்றவர்கள் எல்லோரும் செந்திலைப் போலவே வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு நுரைப்பலகையைக் கொடுத்து, பிடித்துக்கொண்டு காலடிக்கச் சொன்னார் பயிற்சியாளர். செந்தில் அடித்த அடியில் தண்ணீர்தான் தெறித்தது, ஆள் நகரவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கதிர் சறுக்குமரம் இருக்கும் பிள்ளைகள் குளத்தில் கத்திக்கொண்டிருந்தான். எப்போதும் முதல் ஆளாக அங்கே ஓடுகிறவள் யாழினி. அன்று போகவில்லை. நீச்சலுடையோடு, தலையில் தொப்பியோடு, பெரிய குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"போய் விளையாடும்மா. தம்பி கூப்பிடறான் பாரு" என்றேன்.

"அப்பா மேல ஏறட்டும். அப்புறம் போறேன்."

"அங்கதான் சொல்லிக்கொடுக்கிறவர் இருக்காரே."

செந்தில் பலகையோடு ஒரு பக்கம் சாய்ந்தார். அவள் கால் விரல்கள் குளத்தோரத் தரை ஓட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. அவர் நிமிர்ந்து, இருமி, சிரித்த பிறகுதான் விட்டன.

"யாழினி, அங்க ஆழமே இல்லடா. அப்பாவுக்கு இடுப்பு வரைக்கும்தான்."

"அன்னைக்கும் முதல்ல இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்; அது என் குரல். பயப்படாதே என்று இவளிடம் சொல்ல வேண்டும். அதை எந்த வாயால் சொல்வேன்? அவள் முன்னால் போய்க் குனிந்து, இரண்டு தோளையும் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, என் தோளுக்கு மேலாகத் தண்ணீரைத் தேடினாள்.

"தள்ளும்மா" என்றாள். "அப்பா தெரியல."